மெல்லிய கோட்டில் தொடங்குங்கள்: பார்கோடு கேமராவுக்கு சென்சார் தேர்வது எப்படி

பார்கோடு படிக்கும் கருவிக்கு எந்த சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்) போடலாம் என்று யாராவது கேட்டால், பதிலுக்கு நான் இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் லேபிளில் இருப்பதிலேயே மெல்லிய கோடு எத்தனை மில்லிமீட்டர்? அது கேமராவுக்கு முன்னால் என்ன வேகத்தில் நகரும்? இந்த இரண்டும் தெரியாமல் மெகாபிக்சல் கணக்குப் பேசுவது வீண். கையில் பிடிக்கிற ஸ்கேனர்களுக்கும் கன்வேயர் ஓரத்தில் பொருத்துகிற பெட்டிகளுக்கும் கேமரா பகுதியை வடிவமைப்பதுதான் என் அன்றாட வேலை. அதில் நான் போகிற வழியை அப்படியே எழுதுகிறேன். முதலில் லேபிள், அப்புறம் வேகம், ஒளி, லென்ஸ். சென்சாரின் பெயர் கிட்டத்தட்ட கடைசியில்தான் வரும்.

லேபிளை அளப்பது

மிக மெல்லிய கோட்டின் அகலத்தை மாட்யூல் என்போம். கியூஆர், டேட்டா மேட்ரிக்ஸ் போன்ற சதுரக் குறியீடுகளில் ஒரு சின்னக் கட்டத்தின் பக்க அளவுதான் மாட்யூல். சில்லறைப் பொருட்களில் காணும் இஏஎன்-13 குறியீட்டுக்கு, பார்கோடு தரங்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பு தந்த இயல்பான அளவு 0.33 மி.மீ. அதை 80 முதல் 200 சதவீதம் வரை மாற்றி அச்சடிக்கலாம். ஆகவே 0.264 மி.மீ. வரை சுருங்கிய லேபிள்களும் முறைப்படி சரியானவைதான்.

ஒற்றைக் கோட்டின் மேல் ஸ்கேலை வைத்து அளக்க முயலாதீர்கள், அது நடக்காது. இஏஎன்-13இல் முதல் கோட்டின் இடது விளிம்பிலிருந்து கடைசிக் கோட்டின் வலது விளிம்பு வரை எப்போதும் 95 மாட்யூல்கள் இருக்கும். முழு அகலத்தை அளந்து 95ஆல் வகுத்தால் போதும். 31.35 மி.மீ. வந்தால் அது 100 சதவீத அளவு. கியூஆரில் மூலைச் சதுரத்தின் வெளிப்பக்கம் எப்போதும் 7 கட்டம். அதை அளந்து 7ஆல் வகுங்கள்.

அளப்பதற்கு எப்போதும் இருப்பதிலேயே மோசமான லேபிளை எடுங்கள். வடிவமைப்பாளர் அனுப்பும் பிடிஎஃப் கோப்பில் கோடுகள் கத்தி போல இருக்கும். தேய்ந்துபோன பிரின்டர் ஹெட்டில் இருந்து வருவதோ வேறு. மங்கியது, கசங்கியது, பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது, ஓரத்தில் இருக்க வேண்டிய வெற்றிடத்தை யாரோ எழுத்தால் நிரப்பியது என்று ஒரு கோப்புறை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறேன். புதிதாக எந்த கேமரா வந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

இனி பிக்சல் கணக்கு. நேர்க்கோட்டுக் குறியீட்டில் ஒரு மாட்யூலுக்கு 2 பிக்சல் இருந்தால் நல்ல டீகோடர் (படத்திலிருந்து குறியீட்டைப் படித்தெடுக்கும் மென்பொருள்) படித்துவிடும். நான் 3 வைத்துத்தான் கணக்குப் போடுவேன். சதுரக் குறியீடுகளுக்கு 4. கோட்டின் விளிம்பு பிக்சலுக்கு நடுவில் விழுந்தால் அந்தப் பிக்சல் சாம்பல் நிறமாகிவிடும். இரண்டே பிக்சல் இருக்கும்போது இரண்டுமே அப்படி ஆனால், கோடு எது இடைவெளி எது என்று டீகோடர் ஊகிக்கத்தான் முடியும்.

1280 பிக்சல் அகலமுள்ள சென்சாரை எடுத்துக்கொள்வோம். 1280ஐ 3ஆல் வகுத்து 0.33ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 140 மி.மீ. அதாவது 14 செ.மீ. அகலமான இடத்தை இந்த சென்சார் ஒரே பார்வையில் பார்த்துப் படிக்கும். இருபுற வெற்றிடத்தையும் சேர்த்தால்கூட ஒரு முழு இஏஎன்-13 வெறும் 37.29 மி.மீ.தான். ஆக, ஒரு மெகாபிக்சல் தாராளம். "எதற்கும் இருக்கட்டும், 5 மெகாபிக்சல் போடலாமே" என்பார்கள். அதே அளவு சில்லில் அத்தனை பிக்சலைத் திணித்தால் ஒவ்வொன்றும் சிறியதாகிவிடும். 3 மைக்ரான் பிக்சலோடு ஒப்பிட்டால் 1.4 மைக்ரான் பிக்சலின் பரப்பு நாலரை மடங்குக்கு மேல் குறைவு. அத்தனை மடங்கு ஒளியும் குறையும். அந்த ஒளியை ஈடுகட்ட எக்ஸ்போஷரை, அதாவது சென்சார் ஒளியை வாங்கும் நேரத்தை, கூட்டுவீர்கள், படம் இழுபடும், கூடுதல் பிக்சலுக்குக் கொடுத்த காசு அங்கேயே போய்விடும்.

வேகம்

படம் எவ்வளவு இழுபடும் என்பது நேரடியான பெருக்கல்: வேகம், எக்ஸ்போஷர் நேரம் இரண்டையும் பெருக்க வேண்டும். விநாடிக்கு ஒரு மீட்டர் ஓடுகிற கன்வேயரில் 1 மில்லி விநாடி எக்ஸ்போஷர் வைத்தால் லேபிள் 1 மி.மீ. நகர்ந்துவிடும். அது மூன்று மாட்யூல். படத்தில் சாம்பல் பட்டைதான் மிஞ்சும். இழுபடல் அரை மாட்யூலைத் தாண்டக்கூடாது என்பது என் வரம்பு. 0.33இல் பாதி 0.165 மி.மீ. எனவே 165 மைக்ரோ விநாடிக்குள் எக்ஸ்போஷர் முடிந்தாக வேண்டும். கையில் பிடித்து ஸ்கேன் செய்யும்போது கை நகர்வை விநாடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டு 330 மைக்ரோ விநாடி தருவேன்.

நேர்க்கோட்டுக் குறியீட்டில் இங்கே ஒரு சலுகை உண்டு. கோடுகள் நீளும் திசையிலேயே லேபிள் நகர்ந்தால் இழுபடலால் கெடுதல் இல்லை, கோடு தன் மேலேயே இழுபடும். லேபிளை எந்தத் திசையில் ஒட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமை உங்களுக்கு இருந்தால், கோடுகள் ஓட்டத்துக்கு இணையாக வரும்படி ஒட்டச் சொல்லுங்கள். பைசா செலவில்லாத முன்னேற்றம். சதுரக் குறியீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஃபிரேம் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதை, பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 14 செ.மீ. பார்வைக்குள் 4 செ.மீ. லேபிள் முழுதாகத் தெரியும் தூரம் 10 செ.மீ. விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் அது 100 மில்லி விநாடி. 60 ஃபிரேம் ஓடினால் ஆறு படம் கிடைக்கும், போதும்.

குளோபல் ஷட்டர் எதற்காக

ரோலிங் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாக எடுக்கும். குளோபல் ஷட்டர் எல்லாப் பிக்சலையும் ஒரே நேரத்தில் திறந்து ஒரே நேரத்தில் மூடும். நகரும் பொருள் ரோலிங் ஷட்டரில் சாய்ந்து தெரியும் என்பது எல்லோரும் சொல்லும் காரணம். உண்மைதான். ஆனால் பார்கோட்டைப் பொறுத்தவரை அது அவ்வளவு பெரிய குற்றமில்லை. நேர்க்கோட்டுக் குறியீட்டைப் படிக்க ஒரு வரிசைப் பிக்சல் போதும், அந்த ஒரு வரிசைக்குள் சாய்வு என்று எதுவும் இல்லை. சதுரக் குறியீட்டின் கொஞ்சம் சாய்வையும் டீகோடர் சமாளிக்கும்.

நான் குளோபல் ஷட்டரைக் கேட்பது மின்சாரத்துக்காக. 165 மைக்ரோ விநாடியில் படம் எடுக்க வேண்டுமென்றால் எல்இடியைப் பலமாக எரிக்க வேண்டும். குளோபல் ஷட்டரில் அந்த 165 மைக்ரோ விநாடி மட்டும் எரித்தால் போதும். 60 ஃபிரேமுக்கும் சேர்த்து விநாடிக்கு 10 மில்லி விநாடிதான், அதாவது ஒரு சதவீதம். ரோலிங் ஷட்டரில் ஒவ்வொரு வரிசையும் வெவ்வேறு நேரத்தில் திறப்பதால், முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். பேட்டரியில் ஓடும் கருவியில் இந்த வேறுபாடு தாங்காது. சூடும் ஏறும். தவிர, அந்த ஒரு சதவீத நேரத்துக்கு, டேட்டாஷீட்டில் (தயாரிப்பாளர் தரும் விவரத்தாளில்) குறுகிய துடிப்புக்கென்று கொடுத்திருக்கும் வரம்புக்குள், எல்இடிக்கு வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் கொடுக்கலாம். சென்சாரில் ஸ்ட்ரோப் என்று ஒரு பின் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். எக்ஸ்போஷர் நேரத்துக்குச் சரியாக எல்இடியை ஏற்றி இறக்கும் சிக்னல் அதில்தான் வரும். சில கேமரா போர்டுகளில் சில்லில் அந்தப் பின் இருந்தும் கனெக்டர் வரை கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

நகராத லேபிள், நல்ல வெளிச்சம், மின்சாரமும் சுவரிலிருந்து வருகிறது என்றால் ரோலிங் ஷட்டரே போதும். தைரியமாகப் போடுங்கள்.

கறுப்பு-வெள்ளையா, கலரா

கறுப்பு-வெள்ளைதான். கலர் சென்சாரில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மேலே சிவப்பு, பச்சை, நீலம் என ஏதாவது ஒரு வடிகட்டி உட்கார்ந்து வரும் ஒளியில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சிவப்பு எல்இடி போட்டால் இன்னும் மோசம். நான்கில் ஒரு பிக்சல்தான் சிவப்பு, மற்ற மூன்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் தெரியாது. 1280 அகலம் என்று வாங்கியது 640 ஆகிவிடும். லேபிளைப் படிப்பதோடு பொருளின் நிறத்தையும் பார்க்க வேண்டியிருந்தால் மட்டும் கலர் வாங்குங்கள், அப்போது வெள்ளை ஒளி போடுங்கள்.

ஒளி

பெரும்பாலான திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். சென்சாருக்கு ஒரு மாதம் ஆராய்ச்சி செய்வார்கள், விளக்குக்கு கையில் கிடைத்ததை ஒட்டுவார்கள்.

நிறத்தைத் தேர்வதற்கு முன் லேபிளின் மையைப் பாருங்கள். சிவப்பு ஒளியில் சிவப்புக் கோடும் ஆரஞ்சுக் கோடும் வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்துவிடும். ஆட்கள் கண்ணை உறுத்தக்கூடாது என்று 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைக் கேட்பவர்கள் உண்டு. யோசித்துச் செய்யுங்கள். வெப்பத்தால் கறுக்கும் தெர்மல் தாளின் கறுப்பு, நம் கண்ணுக்கு மட்டும்தான் கறுப்பு. வழக்கமான தெர்மல் தாளில் அந்தச் சாயம் அகச்சிவப்பை உறிஞ்சாது, லேபிள் வெறும் வெள்ளைத் தாளாகத் தெரியும். சாய வகை இங்க்ஜெட் கறுப்பிலும் இந்தத் தொல்லை வரும். கார்பன் கலந்த மையாக இருந்தால் பிரச்சினை இல்லை. எந்த லேபிள் வரும் என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் நான் வெள்ளை எல்இடிதான் போடுவேன். என்ன லேபிள் வரும் என்பது நம் கட்டுப்பாட்டில் இருக்கிற, நிலையாக ஓர் இடத்தில் நிற்கிற பெட்டி என்றால் சிவப்பு. கூடவே அந்தச் சிவப்பை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டரை லென்ஸ் முன் வைத்தால் வெளி வெளிச்சத்தின் தொல்லை பெரிதும் அடங்கும்.

அகச்சிவப்பேதான் வேண்டும் என்றால் போர்டில் ஐஆர் கட் ஃபில்டர் (அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி) இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு விற்பனையாளர் அகச்சிவப்புக்கு ஏற்றது என்று அனுப்பிய போர்டில் லென்ஸுக்குள்ளேயே அந்த ஃபில்டர் ஒட்டியிருந்தது. டேட்டாஷீட்டில் ஒரு வரிகூட இல்லை. டிவி ரிமோட்டை கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். நுனியில் ஒளிப்புள்ளி பளிச்சென்று தெரிந்தால் ஃபில்டர் இல்லை. தெரியாவிட்டாலோ மங்கலாகத் தெரிந்தாலோ இருக்கிறது.

பளபளப்பான லேபிளில் விளக்கே கண்ணாடியில் தெரிவது போல வெள்ளைத் திட்டாக விழும். கேமராவை லேபிளுக்குச் செங்குத்தாக வைக்காமல் 10, 15 டிகிரி சாய்த்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கையில் பிடிக்கும் கருவியில் ஆளைச் சாய்த்துப் பிடிக்கச் சொல்ல முடியாது. அதனால் இடம் வலமாக இரண்டு எல்இடி வைத்து ஒரு ஃபிரேமுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி எரிப்பேன். ஒரு படத்தில் திட்டு விழுந்த இடம் அடுத்த படத்தில் சுத்தமாக இருக்கும். உலோகத்தில் நேரடியாகப் பொறித்த குறியீடு என்றால் கதையே வேறு. அதற்கு ஒளியை மேற்பரப்பை ஒட்டித் தாழ்வாகப் பாய்ச்ச வேண்டும். பள்ளங்களின் விளிம்பு மட்டும் மின்னும், மற்ற இடம் இருட்டாகும்.

போன் திரையில் காட்டும் கியூஆருக்கு நம் விளக்கு உதவாது. திரை தானே ஒளிர்கிறது, நம் ஒளி கண்ணாடியில் பட்டுத் தெறிக்க மட்டுமே செய்யும். தாளுக்காக வைத்த 165 மைக்ரோ விநாடியில் மங்கலான திரை ஏறக்குறைய கறுப்பாகத்தான் வரும். ஆகவே இரண்டு வகை ஃபிரேம்களை மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒன்றில் விளக்கு எரியும், எக்ஸ்போஷர் குறைவு. அடுத்ததில் விளக்கு அணைந்திருக்கும், எக்ஸ்போஷர் 5, 10 மில்லி விநாடி. எது படிக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம்.

லென்ஸ்

நம் உதாரணத்தையே தொடர்வோம். 1280 பிக்சல், ஒவ்வொன்றும் 3 மைக்ரான் என்றால் சென்சாரின் அகலம் 3.84 மி.மீ. லேபிள் 15 செ.மீ. தூரத்தில், பார்வை அகலம் 14 செ.மீ. குவிய தூரம் ஏறக்குறைய தூரத்தைச் சென்சார் அகலத்தால் பெருக்கி, பார்வை அகலத்தால் வகுத்தால் கிடைக்கும்: 150 பெருக்கல் 3.84 வகுத்தல் 140. சுமார் 4 மி.மீ. கடையில் சுலபமாகக் கிடைக்கும் எம்12 (12 மி.மீ. திருகுள்ள சிறு) லென்ஸ்தான்.

அடுத்து துவாரம். எஃப் எண் கூடக் கூட துவாரம் சுருங்கும். எஃப் 2.8 வைத்தால் ஏறக்குறைய 12 செ.மீ. முதல் 19 செ.மீ. வரை படிக்கும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். எஃப் 5.6 என்றால் 10 முதல் 27 வரை நீளும், ஆனால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். அந்த 27ஐயும் நம்பிவிடாதீர்கள். தூரம் கூடக் கூட மாட்யூலுக்கான பிக்சலும் குறையும். 15 செ.மீ.யில் 3 இருந்தது 22 செ.மீ. தாண்டியதும் இரண்டுக்குக் கீழே இறங்கிவிடும். கூர்மை இருக்கும், பிக்சல் இருக்காது. அதனால் தொலைவை முடிவு செய்வது பிக்சல், அண்மையை முடிவு செய்வது ஃபோகஸ் என்று பிரித்துப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். துவாரத்தை இன்னும் சுருக்கி எஃப் 8க்குப் போனால் சிவப்பு ஒளியில் ஒரு புள்ளியே 12 மைக்ரான் வட்டமாக விரியும். சென்சார் மேல் நம் மாட்யூல் 9 மைக்ரான்தான். ஆகவே எஃப் 5.6ஐத் தாண்ட வேண்டாம்.

எம்12 திருகில் ஒரு முழுச் சுற்றுக்கு லென்ஸ் அரை மில்லிமீட்டர் நகரும். 4 மி.மீ. லென்ஸை வெகுதொலைவு ஃபோகஸிலிருந்து 15 செ.மீ.க்குக் கொண்டுவர 0.11 மி.மீ. போதும், கால் சுற்றுக்கும் சற்றுக் குறைவு. இவ்வளவு நுட்பமான இடத்தில் திருகு தளர்வாக இருந்தாலோ, பசை காயும்போது சுருங்கினாலோ ஃபோகஸ் நகர்ந்துவிடும். பசை வைத்த பிறகு ஒரு முறை, முழுதாகக் காய்ந்த பிறகு ஒரு முறை சோதியுங்கள்.

சரி, எந்த சென்சார்

இந்தக் கணக்குக்கெல்லாம் பொருந்துகிற, நான் அடிக்கடி எடுக்கும் பெயர்கள் சிலதான். ஆம்னிவிஷன் ஓவி9281: 1280க்கு 800, 3 மைக்ரான், கறுப்பு-வெள்ளை, குளோபல் ஷட்டர், விநாடிக்கு 120 ஃபிரேம் வரை. இதன் கலர் உடன்பிறப்பு ஓவி9782, ஆர்டர் போடும்போது எண்ணை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். ஆன்செமி ஏஆர்0144ம் அதே அளவு, அதே பிக்சல். அதில் கலரும் கறுப்பு-வெள்ளையும் ஒரே பெயரில் வரும், பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளில்தான் வித்தியாசம். அகலமான பார்வை வேண்டும் என்றால் ஏஆர்0234, 1920க்கு 1200. ராஸ்பெர்ரி பை வைத்து முயன்று பார்ப்பவர்களுக்கு 2023இல் வந்த அவர்களின் குளோபல் ஷட்டர் கேமரா வசதி. உள்ளே இருப்பது சோனி ஐஎம்எக்ஸ்296, 1456க்கு 1088, பிக்சல் 3.45 மைக்ரான். அது கலர் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இவற்றுக்குள் எது என்று படத்தரத்தை வைத்து நான் முடிவு செய்வதில்லை, எல்லாமே போதுமானவை. உங்கள் பிராசசருக்கு டிரைவர் (சென்சாரை இயக்கும் மென்பொருள்) ஏற்கெனவே இருக்கிறதா, எத்தனை வருடம் கிடைக்கும் என்று தயாரிப்பாளர் எழுத்தில் சொல்கிறாரா, இவை இரண்டும்தான் என் அளவுகோல்.

அப்புறம் நினைவகம். 1280க்கு 800 படம் 8 பிட்டில் 10,24,000 பைட். மொத்தமே ஒரு மெகாபைட் ரேம் உள்ள எஸ்டிஎம்32எச்743 போன்ற மைக்ரோகன்ட்ரோலரில் ஒரு ஃபிரேமே மூச்சு முட்டும். படத்தில் 640க்கு 480 பகுதியை மட்டும் படிக்கச் சொன்னால் 3,07,200 பைட், இரண்டு ஃபிரேமுக்கு இடம் கிடைக்கும். லினக்ஸ் போர்டில் இந்தக் கவலை இல்லை. ஆனால் யுஎஸ்பி 2 வழியாக அனுப்பப் போகிறீர்கள் என்றால் கவனம். 60 ஃபிரேம் சுருக்காமல் அனுப்ப விநாடிக்கு 491 மெகாபிட் வேண்டும், அந்த வழியின் பெயரளவு வேகமே 480தான். ஜேபெக் ஆகச் சுருக்கி அனுப்பலாமே என்றால், அது முதலில் கெடுப்பது மெல்லிய கோடுகளின் விளிம்பைத்தான். ஃபிரேமைக் குறைத்துச் சுருக்காமல் அனுப்புவது மேல்.

செட்டிங்கில் என் வழக்கம் இது. விளிம்பைக் கூர்மையாக்கும் ஷார்ப்பன், மணல் புள்ளிகளை நீக்கும் டீநாய்ஸ் இரண்டையும் அணைத்துவிடுவேன். எக்ஸ்போஷரை வேகக் கணக்குத் தந்த எண்ணில் பூட்டிவிட்டு, வெளிச்சம் போதாவிட்டால் கெயினை (சென்சாரின் சிக்னலைப் பெருக்கும் அளவை) கூட்டுவேன். மணல் மணலாகத் தெரிந்தாலும் டீகோடர் படிக்கும், இழுபட்டதைப் படிக்காது. ஆட்டோ எக்ஸ்போஷர் வேண்டும் என்றால் படத்தின் நடுப்பகுதியை மட்டும் அளக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பின்னால் இருக்கும் கறுப்பு பெல்ட்டைப் பார்த்து வெளிச்சத்தை ஏற்றி, லேபிளை வெளுக்க வைத்துவிடும்.

படித்ததா இல்லையா என்று மட்டும் பார்க்காதீர்கள்

ஸ்கேன் செய்ததும் பீப் வந்தால் பாஸ் என்று சோதிப்பதில் ஒரு சிக்கல். நூலிழையில் தப்பியதா, தாராளமாகப் படித்ததா என்று பீப் சொல்லாது. நான் பார்ப்பது வேறு. ஒரு ஃபிரேமைச் சுருக்காத படமாகச் சேமித்து, பார்கோட்டைக் குறுக்கே வெட்டும் ஒரே ஒரு வரிசையின் பிக்சல் மதிப்புகளை வரைபடமாகப் போடுங்கள். ஓப்பன்சிவி என்ற படச் செயலாக்க மென்பொருள் தொகுப்பும் நாலு வரி பைத்தானும் போதும். மேடும் பள்ளமுமாக ஒரு கோடு வரும்.

அதில் இஏஎன்-13இன் காவல் கோடுகளைத் தேடுங்கள். இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்தில், மற்றவற்றைவிடக் கீழே நீண்டிருக்கும் இரட்டைக் கோடுகள். அவை எப்போதும் ஒரு மாட்யூல் கோடு, ஒரு மாட்யூல் இடைவெளி என்றே இருக்கும். லேபிளே நமக்குத் தரும் சோதனை அட்டை அது. ஒரு நிஜமான படத்தில் எண்கள் இப்படி இருக்கும்: ஓரத்து வெற்றிடம் 200, அகலமான கறுப்புக் கோடு 30. காவல் கோடு 30 வரை இறங்காமல் 90இல் நிற்கும், அதன் பக்கத்து இடைவெளி 200 வரை ஏறாமல் 150இல் நிற்கும். 150க்கும் 90க்கும் இடையில் 60, மொத்த உயரம் 170. விகிதம் 35 சதவீதம். மோசமான லேபிளில் இது 30க்கு மேல் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். 20க்குக் கீழே போனால் பீப் வந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

எண் குறைந்தால் காரணத்தையும் அதே வரைபடத்தில் பிடிக்கலாம். லேபிளை அசையாமல் வைத்து மறுபடி எடுங்கள். விகிதம் ஏறினால் குற்றவாளி எக்ஸ்போஷர். ஏறாவிட்டால் தூரத்தை ஒரு செ.மீ. முன்னும் பின்னும் மாற்றுங்கள். ஏதாவது ஒரு பக்கம் ஏறினால் ஃபோகஸ். நடுக் காவல் கோடு நன்றாக இருந்து ஓரத்தில் மட்டும் குறைந்தால் லென்ஸ் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அல்லது அந்த லென்ஸின் ஓரத் தரம் அவ்வளவுதான். வெள்ளை 255இல் தட்டையாக நின்று கறுப்புக் கோடுகள் மெலிந்து தெரிந்தால் வெளிச்சம் அதிகம், முதலில் கெயினைக் குறையுங்கள். ஜன்னலோர வெயிலிலும் இதே சோதனையை ஒரு முறை செய்யுங்கள். நேரடி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்குப் போகும், அங்கே எக்ஸ்போஷர் சில பத்து மைக்ரோ விநாடிக்கு இறங்க வேண்டியிருக்கும். உங்கள் சென்சாரின் குறைந்தபட்ச எக்ஸ்போஷர் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று டேட்டாஷீட்டில் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.